புள்ளிக்குப் பிறகு

கட்டபெட்டுக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலையின் மாடி அறையில்
மத்தியானம் மூன்று மணிக்கு
மேகம் ஜன்னல் வழியே வந்து
கீபோர்டை நனைத்துவிட்டுப் போகும்.
அது பில் அனுப்புவதில்லை.

இன்னொரு மேகம் அனுப்புகிறது,
மாதம் பிறந்து இரண்டாம் நாள்.
இந்த முறை நாற்பத்தோராயிரத்து முன்னூறு.

செயலாளர் போஜன் கண்ணாடியைக் கழற்றினார்.
"பாய்லருக்கு விறகு வாங்கலாமே பிரமிளா இந்தக் காசில்.
பாதியாக்கு."

பாதியாக்கினேன்.
இரவில் சும்மா விழித்திருந்த பெரிய சர்வரை
எட்டு மணிக்கே தூங்க வைத்தேன்.
பத்து வருடத்துப் பழைய வரவுகளை
மலிவான கிடங்கில் இறக்கினேன். கூப்பிட்டால்
ஐந்து மணி நேரம் கழித்துத்தான் எழுந்து வரும்,
வரட்டும், யார் கூப்பிடப் போகிறார்கள்.
தலைவர் அறைத் திரையில் ஓடும் மொத்த எடை
நூறு சீட்டில் ஒன்றைப் படித்து
மீதியை ஊகிக்கும்.
அவர் பார்ப்பது கோடு மேலே போகிறதா என்று மட்டும்தான்.
நாலு டன் முன்னே பின்னே இருந்தாலும்
மேலே என்றால் மேலேதான்.

பட்டியல் சுருங்கட்டும் என்று
தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததையும் வெட்டினேன்.

பில் பத்தொன்பதாயிரம்.
போஜன் ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கித் தந்தார்.

பட்டுவாடா நாளில்
அரவேணுவிலிருந்து மாசி வந்தாள்,
ரப்பர் பூட்ஸில் சேற்றோடு.
அவள் சீட்டில் 23.400.
என் திரையில் 23.

"நானூறு எங்கே?"

கிலோ பதினெட்டு. கணக்குப் போட்டேன்.
ஏழு ரூபாய் இருபது காசு.
பஸ்ஸுக்கு எவ்வளவு கொடுத்தீங்க என்று
கேட்டிருக்கக் கூடாது.

"போக பதினஞ்சு, வர பதினஞ்சு" என்றாள்.
"அது என் செலவு. இது என் இலை."

தலைவரின் கோட்டுக்காகச் சுருக்கிய அதே பட்டியலில்தான்
பட்டுவாடாவும் தண்ணீர் குடிக்கிறது என்பதை
நான் மறந்திருந்தேன்.

அவள் போனபின் மேகத்திடம் கேட்டேன்:
இன்னும் எத்தனை பேர்?
ஊகம் வேண்டாம், சீட்டுச் சீட்டாகப் படி.
படித்தது. பதினோரு நிமிடம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அந்த ஒரு கேள்விக்கு மட்டும்
முன்னூற்று எண்பது ரூபாய்.

இனி பட்டுவாடா முழு எடையைத்தான் படிக்கும்.
மாதம் இரண்டாயிரத்து அறுநூறு கூடும்.
தலைவரின் கோடு ஊகத்திலேயே ஏறட்டும்.

இரண்டாம் தேதி போஜன் கண்ணாடியைக் கழற்றுவார்.
அதற்குள் ஒரு பதில் தயார் செய்ய வேண்டும்.
இப்போதைக்கு கீபோர்டைத் துடைக்கிறேன்.
வர்க்கி நமத்துப் போயிருக்கிறது.