குழவி

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை.
மணிக்கு நூற்றி இருபது பீஸ்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எங்கே இருக்கிறதோ அங்கே
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும்.
அம்பு ஒட்டியது அடுத்த மேஜைக்குப் போகும்.
ஏன் ஓட்டை என்று யாரும் கேட்பதில்லை.

ஆடியில் பிறந்தாள்.
அன்று சாயங்காலம் என் மூக்கில் விட்ட குச்சி
பாசிட்டிவ் என்றது.
நீலக் கவசத்துக்குள் முகமில்லாத ஒருத்தி
'பாப்பாவ அக்கட்டால வெச்சுப் பாத்துக்கறோம் அம்மிணி' என்று
தூக்கிக்கொண்டு போனாள்.
பதினோரு நாள்.
கட்டிப்போன மார்பை
வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டுக் குழாயைத் திறந்தேன்.
வெள்ளையாய்ச் சுழன்று இறங்குவதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை.

திரும்பக் கொடுக்கையில்
காலில் ஒரு சீட்டு:
துளசிமணி குழந்தை, பெண், இரண்டு கிலோ எழுநூறு.
லேபிள் சரி. சைஸ் சரி.
அழுகை மட்டும் யாருடையதோ.

வேலம்பாளையத்து லைன் வீடு. தெருமுனையில் தகரம்.
பவானியிலிருந்து வர அம்மா மூன்று தடவை
இ-பாஸ் கேட்டு மூன்று தடவையும் இல்லை.
'பதினெட்டாம் பெருக்குக்குக் கூடுதுறைல ஈ காக்கா இல்ல சாமி'
என்று போனில் அழுதாள்.
அவள் சொல்லச் சொல்ல
தங்கமுத்து பூண்டுக் குழம்பு வைத்தார்.
உப்பில்லை. சொல்லவில்லை.
ஒறம்பரை ஒருத்தரும் வராத வீட்டில்
பொழுதோட அவர் மாஸ்க் தைக்கக் கிளம்பிவிட்டால்
தூரியும் நானும்
எட்டு நாளைக்கு ஒருக்கா நிறையும் நீல டிரம்மும்.

'என்ன வெசனம் உனக்கு? மகாலட்சுமியாட்டப் புள்ள' என்பார்.
வெசனம் என்றால் அவருக்குத் தவணை, கந்துவட்டி.
இதற்கு எங்கள் பக்கம் பேரே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பத்துக் கேள்வி.
சிரிக்க முடியுதா, தூக்கம் வருதா.
வருதுங்க, முடியுதுங்க.
பழுதில்லாத பீஸ் எப்படி இருக்கும் என்று
செக்கிங்காரிக்குத் தெரியாதா?

டிரம் என்னைக் கூப்பிட்டது என்றால் பொய்.
அது சும்மா நின்றது.
ஒரு விடியக்காலையில் நான்தான்
அதன் ஆழத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்,
கையில் அவளோடு.

அவளைத் தூரியில் போட்டேன்.
வயிற்றுத் தையல் இழுக்க இழுக்க
ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கி
டிரம் மூடிமேல் வைத்தேன்.
பிறகுதான் கை நடுங்கியது.

நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்கு வந்தாள் பிலோமினா சிஸ்டர்.
கை கழுவத் தண்ணி கேட்டாள்.
நான் நகரவில்லை.
'டிரம்மு மேல எதுக்கு அம்மிணி கொழவி? எலிக்கா?'
தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.
'இல்லீங்க' என்றேன்.
'எனக்கு.'

அவள் ஐயோ என்று சொல்லவில்லை.
ஊசிப்பெட்டியை மூடி வைத்தாள்.
வாசப்படியில் உட்கார்ந்து
குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள்.
'படு. நாலு வீடு காத்திருக்கட்டும்.'
நாற்பது நிமிஷம் தூங்கினேன்.
விழித்தபோது யாருக்கோ போனில்
என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்,
வயதையும், கதவு எண்ணையும்.
அம்பு ஒட்டுகிறாள் என்று புரிந்தது.
முதல் தடவையாக
அடுத்த மேஜை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

பெருந்துறையில் ஒரு டாக்டரம்மா.
ராத்திரிக்கு அரை மாத்திரை.
இன்னும் சில விடியலில்
மார்பு பாலால் நனைய, நான் யாருக்கோ பால் கொடுப்பதுபோல
கூரை ஓட்டையே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
சில நாள் இல்லை.
நேற்று அவள் கொட்டாவி விட்டாள், நானும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாவாட்டவென்று
தங்கமுத்து குழவியை எடுத்தார்.
சிஸ்டர் அவரிடம் என்ன சொன்னாளோ தெரியாது.
ஆட்டி முடித்தார்.
கழுவினார்.
என்னைப் பார்க்காமல்
திரும்ப டிரம் மேலேயே வைத்தார்.