காரணம்: காற்று

ஒமாஹா. இரவு ஒன்று நாற்பது.
ஒரு தலைமுறையின் கடைசி இரவு என்று
மேலிடத்துக் கடிதத்தில் இருந்தது.
வேலைத்தாளில் நான் எழுதியது இவ்வளவுதான்:
பழைய அலைக்கற்றை விடுவிப்பு,
மேற்கு வட்டம், பதினேழு கோபுரங்கள்.

இரண்டு மணிக்கு அணைக்க வேண்டும்.
திங்கட்கிழமை ஊதாக் கம்பெனி புதிய வேகத்தைத் திறக்கிறதாம்,
அதற்குள் நாங்கள் முந்திக்கொள்ள வேண்டுமாம்.
வியூகக் கூட்டத்தில் பாரெட் வேலெக் படம் போட்டுக் காட்டினார்.
நாம் நீல அம்பு. அவர்கள் ஊதா அம்பு.
மக்கள் சாம்பல் புள்ளிகள்.

ஆறு மாதமாகக் கடிதம் போட்டோம்,
"உங்கள் பழைய போன் இனி வேலை செய்யாது."
அந்தக் கடிதத்தையே பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டு
கூட்டுறவுத் தீவனக் கடை வாசலில் மேசை போட்டார்கள் ஊதாக்காரர்கள்.
பழி எங்களுக்கு, பந்தி அவர்களுக்கு.

திரையில் எண் இறங்குகிறது.
நாற்பத்தொன்று.
பன்னிரண்டு.
மாட்டுத் தொட்டியில் நீர்மட்டம் சொல்லும் கருவி ஒன்று,
முதியோர் இல்லத்து லிப்டின் அவசர மணி ஒன்று,
இரண்டையும் இன்று சாயங்காலம்தான் மாற்றியிருக்கிறார்கள்.

ஒன்று ஐம்பதுக்கு மிச்சம் ஒன்றே ஒன்று.
எங்கே என்று தேடினேன்.
மணல்குன்றுகளுக்கு நடுவே
ஊதாக் கம்பெனியின் கோபுரத்தடி!
அவர்களுடைய டீசல் ஜெனரேட்டரின் எச்சரிக்கைக் கருவி.
எவனோ ஒப்பந்தக்காரன் மலிவாக வாங்கி மாட்டிய
எங்கள் சிம்.
மூன்று நாளாய் அங்கே மின்சாரமில்லை.
குளிர், மைனஸ் இருபத்திரண்டு.
டீசல் தீர்ந்தால் அது கூப்பிட
எங்கள் அலையை விட்டால் வேறு அலை இல்லை.

அழைத்தேன்.
அவர்கள் இரவுப் பணியில் ஹார்லன் ஸ்க்ராம் என்று ஒருவர்.
சொன்னதும் கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்டது.
"பக்கத்தில் எங்கள் ஆள் இருக்கிறான்,
எழுபது நிமிடம் வேண்டும்."
தயவுசெய்து என்று அவர் சொல்லவில்லை.
யோசிக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை.

காபி ஆறிற்று.
வேலெக்கிடமிருந்து செய்தி: முடிந்ததா?
அவரும் தூங்கவில்லை போல.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்று பன்னிரண்டுக்கு
அந்தக் கடைசிப் புள்ளி தானே மறைந்தது.
பிறகு பதினேழையும் வரிசையாக அணைத்தேன்,
ஒன்றும் ஆகவில்லை,
விசிறி ஒன்று மட்டும் சத்தம் குறைந்தது.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு,
தாமதத்துக்குக் காரணம்.
காற்று, என்று எழுதினேன்.

சன்னலுக்கு வெளியே கொடிக்கம்பத்தில்
துணி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.