எங்கே என்ற சொல்

பதினோரு கணினி. ஓடுவது எட்டு.
மூன்று பேருக்கு ஒன்று என்று உட்காரவைத்தால்
மௌஸ் யார் கையில் என்பதிலேயே
முதல் பத்து நிமிடம் போய்விடும்.

மேல்விஷாரம், ஏழாம் வகுப்பு,
வியாழக்கிழமை நாலாவது பீரியட்.
ஃபேன் போட்டால் யுபிஎஸ் கத்தும்.
ஃபேன் வேண்டாம் என்று பிள்ளைகளே
கை தூக்கித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

பாடப்புத்தகத்து அட்டவணையில்
ஏதோ ஒரு நூலகம், ஏதோ ஐந்து புத்தகம்.
ஐந்தில் என்னத்தைத் தேட?
"எங்க தெரு போரை எழுதலாமா மிஸ்"
என்றவள் தஸ்னீம்.
அப்படித்தான் ஆரம்பம்:
கதவு எண், தெரு, கிணறா போரா, எத்தனை அடி,
தண்ணீர் எப்படி.

இரண்டு வாரத்தில் இருநூற்றுப் பதினேழு வரிசை.
வீட்டுப்பாடம் கொண்டுவராதவன்கூட
அறுநூறு அடி, எழுநூறு அடி என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தான்.

தேடச் சொன்னேன்.
மஞ்சள் என்று அடித்தால் முப்பத்தொன்று.
"இன்னா மிஸ், எங்க வீடு வரல."
பார்த்தால் மஞ்சல்.
ஒரு ளகரம் பிசகியதில்
இருபத்திரண்டு வீட்டுத் தண்ணீர் தெளிந்துவிட்டது.
பீலா என்று எழுதியவர்கள் ஒன்பது பேர்.
டீ மாதிரி என்று ஒருவன்.
அவன் வீட்டுக் குடத்தை நான் பார்த்திருக்கிறேன்,
அவன் சொன்னதுதான் சரி.

அப்புறம் ஒரு மஞ்சள்.
எழுத்து எல்லாம் சுத்தம், ஆனாலும் அகப்படவில்லை.
அரைமணி நேரம் மண்டையைக் குடைந்து
கர்சரை ஓட்டிப் பார்த்த யுகபாரதி சொன்னாள்:
"வாலில ஒரு காலி எடம் ஒட்டினு கீது மிஸ்."
கைதட்டினோம். யுபிஎஸ்ஸும் கத்தியது.

இன்று, மாற்றுவது எப்படி.
கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்:
எதை மாற்ற, என்னவாக மாற்ற, எங்கே.
எங்கே என்பதன் கீழ் இரண்டு கோடு.

மோகித் வீட்டுக்குப் போன மாதம்
கூட்டுக்குடிநீர்க் குழாய் வந்துவிட்டது.
தன் வரிசையைத் தானே மாற்ற வேண்டும் என்று
மூன்று நாளாகக் காத்திருந்தவன்.
தண்ணீர், நல்லது என்று அடித்தான்.
எங்கே என்பதை அடிக்கவில்லை.
என்டர்.

இருநூற்றுப் பதினேழு வரிசைகள் மாற்றப்பட்டன
என்றது திரை, ஒரு நொடிகூட ஆகவில்லை.

மோகித் கையை மௌஸிலிருந்து எடுத்து
தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.
தஸ்னீம் எட்டிப்பார்த்துத் தன் கதவு எண்ணைத் தேடினாள்.
நல்லது.
தோல் ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் சந்து முழுக்க
நல்லது, நல்லது, நல்லது.
டீ மாதிரி என்பதும் நல்லது.
"இதைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பினா
நம்பிடுவாங்க மிஸ்" என்றது பின்வரிசை.
யாரும் சிரிக்கவில்லை.

பென்டிரைவில் புதன்கிழமை நகல் இருந்தது.
செருகப் போனேன்.
"பெல் அடிக்கற வரைக்கும் இருக்கட்டும் மிஸ்."
யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஏழு நிமிடம் இருந்தது.
வகுப்பை ஒருத்தியும் ஒருத்தனும் சத்தமாக்கவில்லை.
சிலர் மேலும் கீழும் உருட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்,
தெரு தெருவாக.

பெல்.
பழைய நகல் ஏறியது, மஞ்சள் திரும்பியது.
இன்று காலை சேர்த்த ஒன்பது வரிசை மட்டும் அதில் இல்லை.
"நானே போய்க் கேட்டுனு வரேன்" என்றான் மோகித்.

வெள்ளிக்கிழமை நோட்டோடு வந்தான்.
எட்டு வீடு. அடி, நிறம், எல்லாம் இருந்தது,
ளகரம் உட்பட.
"ஒன்பதாவது வீடு பூட்டிக்கீது மிஸ்.
தண்ணி சரியில்லன்னு
ராணிப்பேட்டை பக்கம் பூட்டாங்களாம்.
அத எந்தக் கட்டத்துல எழுதறது?"

கதவு எண், தெரு, கிணறா போரா, எத்தனை அடி,
தண்ணீர் எப்படி.
இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தேன்.
வலமிருந்து இடமாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.