அம்புக்குறி

பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள் அந்தப் பெண்.
பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம்,
இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு.
நான் சொல்லச் சொல்ல
வெள்ளைத் தாளில் எங்கள் ஒறம்பரை எல்லாம்
கை கோத்துத் தொங்கினார்கள்.

என் வட்டத்தின் ஓரத்தில் ஒரு அம்பு போட்டாள்.
திடுக்கென்றது.
திருப்பூரில் பதினாலு வருசமாய்
செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எதைக் கண்டாலும் அதன் பக்கத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.
"பழுதுங்களா?" என்றேன்.
"இல்லீங்க. கேக்க வந்தவங்க யாருன்னு
தெரியறதுக்குங்க."

ஆறு வருசம் முன்னால்
இடப்பக்கம் எடுத்தாயிற்று.
முடி திரும்பி வந்தது, கொஞ்சம் சுருட்டையாய்.
நானும் ஷிப்டுக்குத் திரும்பினேன்.
ஃபைலைப் பீரோவின் அடித்தட்டில்
பட்டுச்சேலைக்குக் கீழே வைத்துவிட்டேன்.
இப்போது ரத்தத்தில் ஒரு எழுத்துப் பிழை
இருக்கிறதா என்று பார்க்கலாமாம்.
எனக்கென்று கொஞ்சம்.
மிச்சமெல்லாம் மற்றவர்களுக்கு.

"அப்பா வழியில யாராச்சும்?"
எங்கள் கூட்டம் தெரியும், காணிக்கோயில் தெரியும்,
அங்கே யாருக்கு முதல் மரியாதை என்பதுகூடத் தெரியும்.
"அம்மாகிட்டயிருந்துதானுங்களே வரும்?"
"அப்பாகிட்டயிருந்தும் வருமுங்க.
அவரை ஒண்ணும் பண்ணாமலே."

அப்போதுதான் அத்தை ஞாபகம்.
பாவாத்தாள். அப்பாவின் அக்கா.
வயிறு வீங்கிச் செத்தாள்.
செய்வினை என்றார்கள்,
கொடுமுடிக்குப் போய்க் கழித்தார்கள்.
வைத்தது இவள்தான் என்று
பங்காளி வீட்டுக்காரி ஒருத்தியை
இன்றுவரை விசேசத்துக்குக் கூப்பிடுவதில்லை.
"அவங்களுக்கு என்ன வயசுங்க அப்ப?"
தெரியவில்லை.
அவள் தோட்டின் எடை தெரியும்,
அதில்தான் சண்டை.
ஒரு வட்டம். ஒரு சாய்கோடு.
பக்கத்தில் கேள்விக்குறி.

நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி முறிந்தால்
ரோல் முழுக்க ஒரு கோடு ஓடும்.
வெட்டும்போது சில பீஸில் விழும்,
சிலது தப்பிக்கும்.
"பாதிக்குப் பாதி" என்று அவள் விளக்கியபோது
தலையாட்டினேன்.
தெரியாதது,
கோடு விழுந்திருக்குமோ என்கிற பீஸுக்குப்
பெயர் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தால்
என்ன செய்வது என்பது.

மிதுலாவின் ஜாதகம் பெருந்துறைக்குப் போயிருக்கிறது.
நட்சத்திரம் கேட்டார்கள், எத்தனை பவுன் என்றார்கள்.
அவள் என்னிடம் சொன்னது:
"பாத்துருங்கம்மா. தெரிஞ்சா நான் பாத்துக்கறேன்."
அண்ணன் சொன்னது:
"தூர்த்த கெணத்த எதுக்குத் தோண்டற?"
அவருக்கும் ரெண்டு பொட்டப் பிள்ளைகள்.
தாளின் அடியில் சின்னதாய் ரெண்டு வட்டம்,
உள்ளே வெறும் வெள்ளை.

கோயிலில் பூ கேட்டால்
வெள்ளை, சிவப்பு, ரெண்டு பொட்டலம்தான்.
இங்கே மூன்று.
இருக்கிறது. இல்லை.
இருப்பது என்னவென்றே இன்னும் யாருக்கும் தெரியவில்லை.
மூன்றாவதைப் பிரித்துவிட்டு
எந்தச் சாமியிடம் திரும்பக் கேட்பது?

"யோசிச்சுட்டு வர்றேனுங்க."
அவசரமில்லை என்றாள்.
தாளின் நகலோடு பென்சிலையும் கொடுத்தாள்,
"ஒறவுல கேட்டு நிரப்புங்க."
சம்மதப் படிவத்தை மடித்து
டிபன் பாக்ஸ் பையில் செருகினேன்.

பஸ் கருமத்தம்பட்டி தாண்டும்போது
அத்தை மகள் கோகிலமணியை அழைத்தேன்.
பத்தொன்பது வருசம்.
நம்பர் மிதுலாவிடம் இருந்தது, எப்படியோ.
"உங்கம்மாவுக்கு என்ன வயசு அப்ப?"
பேச்சில்லை.
பின்னால் எதையோ தாளிக்கிற சத்தம்.
"நாப்பத்தி நாலு."
அடுப்பை அணைத்திருப்பாள், சத்தம் நின்றது.
"எனக்கும் போன வைகாசியில ஆபரேசன் ஆச்சுங்க.
உங்க பக்கம்
யாருக்குன்னு சொல்றது?"

கண்டக்டர் சில்லறைக்காக
என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.
மடியில் தாளை விரித்தேன்.
கேள்விக்குறியை அழிக்க ரப்பர் இல்லை.
அதன் மேலேயே எழுதினேன்
நாற்பத்தி நாலு என்று,
பஸ் குலுங்கியதில் கோணலாக.