மூன்று தரம் ஊது

டொக்டர் தந்த தாளில்
கட்டங்கள் மட்டும்தான் இருக்கின்றன.
சுபஹுக்குப் பிறகு மின்ஹா
அந்தக் குழாயை வாயில் வைத்து
மூன்று தரம் ஊதுவாள்.
சிவப்பு முள் ஏறி நின்ற பெரிய எண்ணை
நான் குறிப்பேன்.

திங்கள் நூற்று எண்பது.
செவ்வாய் நூற்று அறுபத்தைந்து.
புதன், ஏழு லொறி நெல் இறங்கிய மறுநாள்,
நூற்று நாற்பது.
வெள்ளி மில் பூட்டு.
சனிக்கிழமை முள் கொஞ்சம் மேலே போகும்.

சம்மாந்துறை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்:
"பரம்பரையில் யாருக்கும் இழுப்பு உண்டா?"
என் பக்கம் சீனி. அவர் பக்கம் பிரஷர்.
இழுப்பு ஒருத்தருக்கும் இல்லை.
பின்வளவு மதில் யாருடையதென்று
அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் உமி மலை.
கச்சான் தொடங்கினால்
ஸலாம் சொல்லாமல் வீட்டுக்குள் வரும்.
கொடியில் காயும் பள்ளிச் சட்டையில்,
தயிர்ச்சட்டி மூடியில்,
நுளம்பு வலையின் கண்களில்,
என் தையல் மெஷினின் எண்ணெய்த் துளையில்.
நாளைக்கு நாலு தரம் துடைக்கிறேன்.
துடைத்த துணியை உதறப் போனால்
காற்று திருப்பித் தருகிறது.

ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார் டொக்டர்.
சாத்தினோம்.
தகரத்துக்குக் கீழே ஜூலை வெயிலில்
பிள்ளை வேர்த்துக் கிடந்தாள்.
திறந்தோம்.

பிறகு ஒரு கிழமை மில் ஓடவில்லை.
மோட்டாருக்குக் கொழும்பிலிருந்து சாமான் வரவேணுமாம்.
முதல் இரவு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை,
அவ்வளவு அமைதி.
நாலாம் நாள் இருநூற்றுப் பத்து.
ஆறாம் நாள் இருநூற்று நாற்பது.
மின்ஹா மாமரத்தடிவரை ஓடிப்போய்
ஓடியே திரும்பி வந்தாள்,
வரும்போது யாரையோ ஏசிக்கொண்டும் வந்தாள்.
ஓடிக்கொண்டே ஏச முடிகிறது அவளால்!

அந்தக் கிழமை வீட்டில் சம்பளம் இல்லை.
நளீம் அந்த மில்லில்தான் மூட்டை தைக்கிறார்.
பம்ப் முடியப்போகிறது என்பதை
எப்படிச் சொல்லலாமென்று நான் யோசிக்க,
அவர் தாளைக் கையில் எடுத்தார்.
ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்தார்.
"ஏறியிருக்கே" என்று சிரித்தவர்
கடைசிக் கட்டத்தில்
என்னமோ கணக்குப் பார்த்தவர்போல
விரலை எடுத்துக்கொண்டார்.

திங்கள் காலை மில் சங்கு கேட்டது.
வேலைக்குப் போகும் அவர்
வாசலில் நின்று சட்டையை உதறினார்.
வழக்கமாக வரும்போதுதான் உதறுவார்.

பின்னேரம் கிணற்றடியில் முழுகிவிட்டுத்தான்
பிள்ளையைத் தூக்கினார்.
அப்படியும் காது மடலில் ஓர் உமி
ஒட்டிக்கொண்டு இருந்தது.
மின்ஹா அதைப் பார்த்துவிட்டாள்.
வாயைக் குவித்து ஊதினாள்.
இரண்டாந்தரம் ஊதத்தான் பறந்தது.