தொட்டி அளவு

மதியம் மூன்று மணிக்குச் சின்னமாது
கடைக்குள் வந்து
பெயின்ட் வாளியை என் மேசைமேல் வைத்தான்.
தண்ணீர் இல்லாத வாளி.
உள்ளே முழங்கை நீளத்தில் ஒன்று
இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.

"காலையில பத்து மணிக்குப் புடிச்சது,
சாவ மாட்டேங்குது.
உங்க கடைச் சரக்கா பாருங்க."

பார்க்க வேண்டியதில்லை.
அடிவயிற்றுப் பக்கம் வாய்.
பாய் விரித்தது போல முதுகுத் துடுப்பு.
டிகாக்‌ஷன் சிந்திக் காய்ந்த மாதிரி உடம்பெல்லாம் புள்ளி.
செதில் கிடையாது, ஓடு.
நான் விற்கும்போது சுண்டுவிரலில் பாதி.
ஒன்று நாற்பது ரூபாய்,
ஜோடி எழுபது.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பதினோரு வருஷம்
இதைத்தான் சொல்லியிருக்கிறேன்:
"டேங்க் கிளீனருங்க. பாசியத் தின்னும், சண்ட போடாது,
கண்ணாடியில ஒட்டிக்கிட்டு அதுபாட்டுக்கு இருக்கும்."
பெருசா வளருமா என்று கேட்டவர்களிடம்
"தொட்டி எவ்ளோவோ அவ்ளோதான் வளரும்."
சரக்குப் போடுகிறவன் எனக்குச் சொன்னது.
அவனுக்கு எவன் சொன்னானோ.

பனந்தோப்பு ஏரி நூற்றுப்பத்து ஏக்கர்.

அன்றிரவு பழைய பில் புத்தகங்களைப் புரட்டினேன்.
மாங்கூழ் ஆலையின் வரவேற்பறைக்கு நான்கு.
பல் டாக்டர் வீட்டுப் பையனுக்கு ஒன்று.
மாற்றலாகிப் போன பேங்க் மேனேஜர்
தொட்டியை எனக்கே பாதி விலைக்குக் கொடுத்தார்;
மீன் எங்கே சார் என்றதற்கு
"ஏரியில விட்டுட்டேம்மா, பாவம், உசுரு" என்றார்.
நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.
இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.
கொல்ல மனம் வராதவர்கள்
ஒவ்வொருவராகக் கரையில் குனிந்து
பாலித்தீன் பையின் ரப்பரைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனேன்.
ஏலம் எடுத்து, கட்லாக் குஞ்சு விட்டு,
கடன் வாங்கி விரித்த வலை.
இழுத்தால் கண்ணி அறுகிறது,
பிரித்தெடுத்தால் கை கிழிகிறது.
"ஆகாயத்தாமரைன்னா மேல மிதக்கும், கண்ணுல படும்,
பஞ்சாயத்துல போயி கத்தலாம்.
இதுக்கு எங்க போயி கத்துறது?"
சித்திரை வெயிலில் தண்ணீர் இறங்கிய கரையில்
கை நுழையும் அகலத்துக்குப் பொந்துகள்.
ஒவ்வொன்றிலும் முட்டை,
முட்டைக்கு ஒரு தகப்பன் காவல்.

நாங்கள் தோண்டினோம்.
தோண்டிய பொந்தை மண்ணும் கல்லும் வைத்து மூடினோம்.
பிடித்ததை மாந்தோப்பில் குழிவெட்டிப் புதைத்தோம்.
மீசையைப் பார்த்ததும் பையன்கள்
நாட்டுக் கெளுத்தியையும் சேர்த்துக் கரையில் வீசினார்கள்.
ஓடிப்போய் ஒன்பதைத் தண்ணீரில் விட்டேன்,
இரண்டு செத்துப்போயிருந்தன.
எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன்:
கண்ணை நம்பாதீங்க, தடவிப் பாருங்க.
வழுவழுன்னு இருந்தா நம்மளது.
ஓடு மாதிரி இருந்தா என்னுது.

யாரும் சிரிக்கவில்லை.
சின்னமாது மட்டும் ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

முதல் ஞாயிறு இருநூற்றுப் பன்னிரண்டு.
அடுத்தது நூற்றெழுபது.
அதற்கடுத்தது இருநூற்று நாற்பத்தொன்று;
அன்றைக்கு வீட்டுக்கு வந்து
சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.
நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை.

கடை வாசலில் இப்போது ஒரு போர்டு:
வேண்டாத மீனை இங்கே கொண்டுவாருங்கள்.
காரணம் கேட்க மாட்டேன். காசும் தர மாட்டேன்.
ஏரியில் விடாதீர்கள்.
பின்கட்டுத் தொட்டியில் பதினான்கு சேர்ந்துவிட்டன,
கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு
நான் விளக்கணைப்பதைப் பார்க்கின்றன.
அவற்றை என்ன செய்வதென்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

நேற்று ஸ்கூல் யூனிபார்மில் ஒரு பெண்
ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினாள்.
உள்ளே ஒன்று, ஒன்றரை அங்குலம்.
"ஆன்ட்டி, இது இவ்ளோண்டு தானே,
எவ்ளோ பெருசாதான் ஆயிடும்?"

வாயைத் திறந்தேன்.
பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
மூடிக்கொண்டு
முழங்கையை மேசைமேல் ஊன்றி,
விரல்களை நீட்டி,
இவ்வளவு என்று காட்டினேன்.