கடைசி பஸ் எத்தனை மணிக்கு

கல்லூரியைப் பற்றி எல்லாரும் சொன்னார்கள்.
ஊரைப் பற்றிக் கேட்டால்
ஊர்தானே, என்றார்கள்.

ஒரு புதன்கிழமை
அகஸ்தியம்பள்ளியிலிருந்து நானும்
தோப்புத்துறையிலிருந்து பெனாசிரும்
முதல் பஸ் ஏறினோம்.
மேட்டூர் திறந்து எட்டாம் நாள்.
ஏதோ ஒரு பாலத்துக்கடியில்
புதுத் தண்ணீர் எதிரே வந்தது,
வைக்கோலையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு
மணலை மோந்து மோந்து,
வழி கேட்கக் கூச்சப்படுகிற ஆள் மாதிரி.

முதல் ஊரின் பெயர் வேண்டாம்.
அங்கே வேதியியல் ஆய்வகத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு.
பெனாசிர் குனிந்து பார்த்தாள்.
அவள் மூச்சுக்கே
நாலாவது தசமம் நடுங்கியது.
வெளியே வந்தும் அதையே பேசினாள்.

தெரு முனையில் மாடியறை வாடகைக்கு.
"எந்த ஊரு?"
சொன்னோம்.
"அதுல எந்தத் தெரு?"
சொன்னோம்.
அந்த அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.
வாசலில் நின்ற தபால்காரருக்கு எவர்சில்வர் டம்ளர்,
எங்களுக்குக் காகிதக் கப்.
மாடியில் வெள்ளையடிக்கிற வேலை இருக்கிறதாம்.
எப்போது முடியுமென்று
சொல்வதற்கில்லையாம்.

கடைசி பஸ் அங்கே ஏழேகால்.
அதற்குப் பிறகு
அந்த ஊர் தன்னோடு மட்டும் பேசும்.

கும்பகோணத்தில் இறங்கும்போது மணி மூன்று.
நாங்கள் பார்க்கப் போன ஆய்வகத்தில்
பர்னர் குழாய்க்கு நூல் கட்டியிருந்தது.
தராசு?
"சர்வீசுக்குப் போயிருக்கு" என்றார் உதவியாளர்,
போன வருஷமும் இதையே சொன்னவர் போல.
பெனாசிர் என் கையைக் கிள்ளினாள்.

நான் ஊரை எடைபோட்டேன்.
விடுதியிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை
தெருவிளக்கு நாற்பத்தொன்று, எரியாதது ஒன்பது.
பத்து மணிவரை பூக்காரிகள் இருப்பார்களா என்று
ஒரு பூக்காரியிடமே கேட்டேன்.
"நாங்க எங்க போறது?" என்றாள்.
மெடிக்கலில் நாப்கின் கேட்டதற்கு
செய்தித்தாளில் சுற்றாமல்
சில்லறையோடு நீட்டினான் ஒரு பையன்.
பாத்திரக்கடை, லாட்ஜ், பெட்டி தூக்கி வருகிறவர்கள்,
யார் வந்தார் யார் போனார் என்று
கணக்கு வைக்க நேரமில்லாத ஊர்.
டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.
ஒரே ஒரு கேள்வி:
"சர்க்கரை கம்மியா?"

கடைசி பஸ்?
டைம் கீப்பர் சிரித்தார்.
"எது கடைசின்னு யாரும்மா பாத்தா."

பிரவுசிங் சென்டரில் தமிழ்ச்செல்வன் அண்ணன்
விருப்ப வரிசையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்,
"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போட்டுடவா?"
வேண்டாம் என்றோம், ஒரே நேரத்தில்.

பெனாசிர் தராசைப் போட்டாள், முதலில்.
"வெள்ளையடிக்கிறவங்க கிட்டயா
நான் கெமிஸ்ட்ரி படிக்கப் போறேன்?"
ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லையென்றால், என்றேன்.
திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.
நான் நாற்பத்தொன்று கழித்தல் ஒன்பதைப் போட்டேன்.
யார் சரி என்று
இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

ராத்திரி அப்பா உப்பளத்திலிருந்து வந்து
காலில் ஒட்டிய வெள்ளையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்,
கட்டணம் கேட்கவில்லை, பஸ் கேட்கவில்லை:
"அங்கல்லாம் தண்ணி எப்படி?"

நல்ல தண்ணிதான், ரெண்டு ஊரிலும், என்றேன்.
எதில் குடித்தோம் என்று
அவர் கேட்கவில்லை.